கழுத்தைக் கேட்டுவிட்டு பைனாகுலர் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. விடிகாலையிலேயே போக வேண்டும், பளிச்சென்ற சட்டை போடக் கூடாது, கூடு இருக்கும் மரத்தடியில் கூட்டம் போடக் கூடாது என்றெல்லாம் பொறுப்பாக எழுதியிருந்தார்கள். பைனாகுலர் என்று வந்ததும் மட்டும், நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளவும் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார்கள். அந்த ஒரு வரியில் எட்டு வருடம் மாட்டிக்கொண்டவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். வெட்ட வேண்டியிருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், கிராம் கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அஞ்சல் துறையில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 68. பாளையங்கோட்டையில் குடியிருப்பு. கவுண்டரில் உட்கார்ந்து பார்சல் வாங்கிய கை என்பதால், ஒரு பொருளைத் தூக்கியதுமே எடையைச் சொல்லிவிடுவேன்; பத்து இருபது கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் கழுத்தில் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு குளம் குளமாக அலைந்திருக்கிறேன்.

முதலில் வாங்கியது கனமானதல்ல. ஓய்வு பெற்ற புதிதில், ஆன்லைனில் 30×60 என்று அச்சிட்ட ஒன்றை மலிவாக வாங்கினேன். சட்டைப் பையில் அடங்கும், லென்ஸ் செக்கச்செவேல் என்று மின்னும். பெட்டியில் போட்ட படத்தில் ஒரு சிங்கம். அந்த இரண்டு எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அப்படியானால் 60 என்று போட்டிருந்தால் லென்ஸ் ஆறு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். என் கையில் இருந்ததன் முகம் பழைய ஐம்பது பைசா அளவுதான். அந்தக் காசை மேலே வைத்தே பார்த்தேன், கச்சிதமாக மூடியது. காசின் விட்டம் 22 மில்லிமீட்டர். விற்றவர்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. என் பேரன் அதை வைத்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தான்; தலைகீழாகப் பிடித்தால் எறும்பு நன்றாகத் தெரியும் என்று கண்டுபிடித்தவன் அவன்தான்.

சின்னது ஏமாற்றிவிட்டதே என்று அடுத்தது பெரிதாகப் போனேன். மஸ்கட்டிலிருந்து வந்த மருமகன் 10×50 ஒன்று கொண்டு வந்து கொடுத்தார். நல்ல கம்பெனி, நல்ல கண்ணாடி, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கையில் வாங்கிய உடனே என் வாயில் வந்த வார்த்தை, "தொள்ளாயிரத்தைத் தாண்டும் போலிருக்கே." யார் கேட்டார்கள்? எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: எவ்வளவு தூரம் தெரியும்? பைனாகுலரோடு தெருவில் இறங்கினால் இந்தக் கேள்வி கேட்காத ஆளே கிடையாது. தூரம் என்று பார்த்தால் வெறுங்கண்ணுக்கே நிலா வரை தெரிகிறது. எட்டு மடங்கு பைனாகுலர் செய்வதெல்லாம், 80 மீட்டர் தள்ளி நிற்கும் நாரையை 10 மீட்டரில் நிற்பது போலக் காட்டுவதுதான். பத்து மடங்கு அதையே 8 மீட்டரில் காட்டும். இந்த இரண்டு மீட்டர் ஆசைக்கு நான் கொடுத்த விலை கழுத்து.

அதை உடனே உணரவில்லை. நயினார்குளத்துக் கரையில் அரை மணி நேரம் நிற்பதற்கு எதுவும் பெரிதில்லை. ராஜவல்லிபுரம், விஜயநாராயணம், கூந்தன்குளம் என்று மூன்று மணி, நான்கு மணி நேரமானபோதுதான் பிடரியில் ஆரம்பித்து இடது தோள் வரை ஒரு இழுப்பு. நரம்பு பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தே இரண்டு வருடம் ஓட்டினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்து எலும்பில் தேய்மானம் என்றார். பாரம் தூக்குவீர்களா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த என் மனைவிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தது: "கழுத்துல கல்லக் கட்டிக்கிட்டு குளத்துக்குப் போற ஆள இப்பம்தான் டாக்டர் நான் பாக்கேன்."

அந்த வருடம் மழைக்காலம் முழுவதும் நான் எந்தக் குளத்துக்கும் போகவில்லை. இடையில் ஒரு யோசனை வந்து, எடையைக் கழுத்திலிருந்து தோளுக்கு மாற்றுவதுபோல் குறுக்கு வார் ஒன்று தைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடப் பையை மாட்டுவதுபோல இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்ள வேண்டும், பைனாகுலர் நெஞ்சோடு ஒட்டி நிற்கும். பாளை மார்க்கெட் அருகே செருப்பு தைக்கும் தம்பி 150 ரூபாய்க்கு அழகாகத் தைத்துக் கொடுத்தார். கழுத்து வலி பாதி குறைந்தது, உண்மை. ஆனால் நம்மூர் வெயிலில் முதுகிலும் நெஞ்சிலும் வார் பட்ட இடமெல்லாம் வியர்த்து ஊறி, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் பூணூல் போட்டதுபோல் இரு பக்கமும் சிவப்புக் கோடு. தவிர, கழுத்துக்குத்தான் விடுதலை. தூக்கிக் கண்ணில் வைத்துப் பிடிக்கும் கைக்கு அதே எடைதான்.

சரி, கனத்தைக் குறைப்போம் என்று முடிவு செய்தேன். ஆனால் எதை வாங்குவது? கடையில் போய்க் கேட்டால் கண்ணாடிக் கதவுக்குள் இருப்பதை எடுத்துக் காட்டுவார்கள். எதிர்க்கடை போர்டை ஒரு நிமிடம் பார்க்கலாம். போர்டு பறந்து போகாது, நீந்தாது, கிளைக்குப் பின்னால் ஒளியாது. அதைப் பார்த்து என்ன தெரிந்துவிடப் போகிறது?

வழி வேறு இடத்தில் கிடைத்தது. தாமிரபரணிப் பக்கத்துக் குளங்களில் ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பழக்கமான மூன்று பேர். ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பவர், ஒருவர் என்னைப் போல ஓய்வு பெற்றவர், இன்னொருத்தி விலங்கியல் படிக்கும் பெண். மூவரிடமும் மூன்று அளவு. கூந்தன்குளத்துக்கு ஒரு நாள் நாலு பேரும் போவோம், நாலையும் மாற்றி மாற்றிப் பார்ப்போம் என்று பேசிக்கொண்டோம்.

போகும் வழியில் மூலைக்கரைப்பட்டியில் டீ குடிக்க இறங்கினோம். பக்கத்துக் காய்கறிக் கடைக்காரர் அப்போதுதான் தக்காளிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவருடைய எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். வார், மூடி எல்லாம் சேர்த்து என் 10×50 எடை 985 கிராம். வங்கிக்காரரின் 8×42 எடை 690. ஓய்வு பெற்றவருடையது 8×32, எடை 520. அந்தப் பெண்ணின் 8×25, நடுவில் மடங்குவது, 335. கையால் நான் சொன்னதில் ஒன்றில்கூட இருபது கிராமுக்கு மேல் பிசகவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். "கிலோ என்ன விலை அண்ணாச்சி?" என்று கடைக்காரர் கேட்டார். விலையைச் சொன்னதும் தராசைத் துடைத்துவிட்டுத் தக்காளிப் பக்கம் திரும்பிவிட்டார்.

கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களிலேயே நாரை கூடு கட்டும். அதைப் பார்க்கப் பைனாகுலர் வேண்டாம், கழுத்தை நிமிர்த்தினால் போதும் (எனக்கு அதுவும் சிரமம்). நடுக்குளத்தில் மிதப்பதற்குத்தான் கருவி வேண்டும். நாங்கள் கரையேறியபோது மணி ஆறே கால், சூரியன் இன்னும் வரவில்லை. கருவேல மரத்தில் ஒன்று தோளை ஒடுக்கி உட்கார்ந்திருந்தது. வக்காவா, மடையானா? இரண்டுமே கொக்கு இனம். 8×25-இல் பார்த்தால் வெறும் கறுப்புப் பொட்டலம். 8×32-இல் ஏதோ தெரிகிற மாதிரி, ஆனால் சத்தியம் செய்ய முடியாது. 8×42-இல் பார்த்ததும் கறுப்புத் தொப்பியும் சாம்பல் இறக்கையும் பிரிந்து தெரிந்தன. வக்காதான்.

இதற்குக் காரணம் எளிது. பைனாகுலரைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான பக்கம் திருப்பி, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளிச்சம் கண்ணுக்குள் போகிறது. இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் அதன் அளவு வந்துவிடும்: 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீட்டர், 32-க்கு நான்கு, 25-க்கு மூன்று சொச்சம். இருட்டில் நம் கண்பாவை விரிந்து பெரிய வட்டத்தைக் கேட்கும். வெயில் ஏறியதும் அதே கண்பாவை இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு வெளிச்சம் அனுப்பினாலும் உள்ளே போகாது. ஏழரை மணிக்கு அதே மரத்தைப் பார்த்தோம். வெளிச்சத்தில் நாலுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வயதாக ஆக கண்பாவை இருட்டிலும் முன்போல் விரியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆக, காலை வெயில் வந்த பின் குளத்தங்கரைக்கு வரும் ஒரு பென்ஷன்காரர், பெரிய லென்ஸ் என்று கழுத்தில் சுமப்பதில் பாதி, அவர் கண் வாங்கிக்கொள்ளவே முடியாத வெளிச்சம்.

அன்றைக்குப் பெரிய பரீட்சை வரித்தலை வாத்துதான். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. பின்தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். குளத்தின் நடுவில் அறுபது எழுபது மிதந்தன. என் 10×50-இல் தலை பெரிதாகத் தெரிந்தது, ஆனால் கோடு இரண்டா மூன்றா என்று எண்ண முடியாமல் ஆடியது. வாத்து ஆடவில்லை, என் கை ஆடியது. பறவையைப் பத்து மடங்கு காட்டும் கருவி கை நடுக்கத்தையும் பத்து மடங்கு காட்டும், அதற்கு ஓரவஞ்சனை கிடையாது. 8×32-ஐ வாங்கிப் பார்த்தேன். தலை கொஞ்சம் சிறிதாக, ஆனால் நின்றது. இரண்டு கோடு, சந்தேகமில்லை.

அப்படியானால் எல்லாவற்றிலும் லேசான 8×25-தானே நல்லது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அங்கேதான் எனக்கு ஒரு ஆச்சரியம். அது ரொம்ப லேசு. கையில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது, குளத்துக் காற்று அடித்ததும் அதுவே ஆடியது. என் விரலுக்குப் பிடிமானமும் போதவில்லை. சட்டென்று பறந்த பஞ்சுருட்டானை (பூச்சி பிடிக்கும் சின்னப் பச்சைப் பறவை) தேடினால் அந்தச் சின்னக் கண்துளைக்குள் என் கண் சரியாக நிற்கவில்லை. கொஞ்சம் விலகினாலும் காட்சி கறுத்துப் போகும். அந்தப் பெண்ணோ அதைக் கண்ணில் வைத்த மாத்திரத்தில் பறவையைப் பிடித்துவிடுகிறாள். வயது இருபது, கண்ணாடி கிடையாது, கை பாறை. யாருக்கு எது என்பது பெட்டியில் எழுதியிருக்காது.

கண்ணாடி என்றதும் நினைவு வருகிறது. கட்டுரையில் வராத, கடைக்காரரும் சொல்லாத விஷயம் இது. மூக்குக்கண்ணாடி போட்டவர்களின் கண், பைனாகுலரிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அப்படித் தள்ளி நின்றாலும் முழு வட்டம் தெரிகிற மாதிரி சில கருவிகளைச் செய்திருப்பார்கள். அந்த இடைவெளியை ஐ ரிலீஃப் என்பார்கள். 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கண்ணாடியோடு பார்க்கலாம். என் 10×50-இல் அது குறைவு. அத்தனை வருடமும் நான் செய்தது, பறவையைக் கண்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது, பைனாகுலரை வைப்பது, திருகுவது. அதற்குள் பறவை பக்கத்துக் குளத்துக்குப் போயிருக்கும். 8×32-இல் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுக் கண்ணாடியோடு வைத்தேன், வட்டம் முழுசாகத் தெரிந்தது.

வெட்கக்கேடான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வலது கண் வைக்கும் பக்கத்தில் தனியாக ஒரு வளையம் இருக்கும். இடது கண்ணை மட்டும் திறந்து நடுச் சக்கரத்தைத் திருகி ஒரு பொருளைத் தெளிவாக்க வேண்டும். அப்புறம் வலது கண்ணை மட்டும் திறந்து, அதே பொருளை அந்த வளையத்தால் தெளிவாக்க வேண்டும். ஒருமுறை செய்தால் போதும், பிறகு நடுச் சக்கரம் ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். இந்த வளையம் எதற்கு என்று அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறேன். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு. ஆக, இத்தனை வருடம் ஒரு கண்ணால்தான் பறவை பார்த்திருக்கிறேன். "சார், உங்களுக்கு இன்னொரு கண்ணும் இருக்கு சார்" என்று சொல்லிச் சிரித்தாள்.

மறு வாரமே 8×32 வாங்கினேன், 11,000 ரூபாய்ச் சொச்சம். பென்ஷனில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் முதலில் வாங்கிய பொம்மை, தைலம், எக்ஸ்ரே, குறுக்கு வார் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மனம் ஆறுகிறது. மூன்றரை மணி நேரம் கரையில் நின்றுவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அது இன்னும் கழுத்தில் கிடப்பதைக் கவனித்தேன்.

நான் இவ்வளவும் எழுதுவது என் கழுத்துக்காக மட்டும் அல்ல. கணக்கெடுப்புக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பதினைந்து பேருக்கு ஒரு பைனாகுலர், அதுவும் பெரிசு. ஒரு பள்ளியில் பறவை பார்க்க என்று ஆசையாக இரண்டு 10×50 வாங்கியிருந்தார்கள். இரண்டும் பீரோவில்தான் கிடந்தன. பிள்ளைகளால் ஒரு நிமிடத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. அதைவிட, பெரியவர்களின் கண் இடைவெளிக்குச் செய்தது குழந்தையின் முகத்துக்கு மடங்கவே இல்லை. ஒரு கண்ணில் குளம், மறு கண்ணில் இருட்டு. ஒன்றும் தெரியலை டீச்சர் என்று அடுத்தவனிடம் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்த பையன் மறுபடி வரிசையில் வந்து நிற்க மாட்டான். பூட்டியே வைத்திருந்ததில் லென்ஸுக்குள் பூஞ்சையும் பூத்துவிட்டது. (தோல் பையில் போட்டுப் பீரோவில் வைக்கவே வைக்காதீர்கள். மூடி இறுகும் டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் நாலைப் போட்டு வையுங்கள்.) எனக்கு ஒத்துவராத அந்த மடக்கும் 8×25 இருக்கிறதே, பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஒரு பெரிசுக்குக் கொடுக்கும் பணத்தில் அது இரண்டு வரும்.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமானது, 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பெயர் வந்தாயிற்று, ஆட்களும் வருகிறார்கள். பலர் பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறி, நடுக்குளத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று சொல்லி, செல்போனில் படம் பிடித்துவிட்டு இறங்குகிறார்கள். நம் மாவட்டத்துக் குளங்கள் ஒவ்வொன்றிலும் வேண்டாம், சரணாலய வாசலில் மட்டுமாவது லேசான பைனாகுலர் ஐந்தாறு வைத்து, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கலாம். 8×25 சில, 8×32 சில. வாங்க நினைப்பவருக்கு அதுவே ஒத்திகையும் ஆகும்.

வனத்துறை செய்கிற வரை சும்மா இருப்பானேன்? வரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின்போது நான் கூந்தன்குளத்துக் கோபுரத்தடியில் இருப்பேன். மற்ற மூவரிடமும் சொல்லிவிட்டேன். நாலு அளவும் வரும். யார் வேண்டுமானாலும் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து பார்க்கலாம், காசு கிடையாது. விடியும் முன்னே வந்தால் நல்லது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் மறக்காமல் கண்ணாடியோடு வரவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
பாளையங்கோட்டை.